ஐம்பத்தைந்து நிமிடத் தூரம்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பெண்ணின் அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உங்களோடு சத்தம் போட்டவன் நான்தான். நீங்களும் சளைத்தவரில்லை என்பதால் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நான் கேட்டால் பதிலுக்கு நீங்களும் கேட்க வேண்டியிருக்கும், எதற்கு வீண் சிரமம்?

கடிதம் எழுதுவது என் யோசனை இல்லை. என் மகளும் உங்கள் மகனும் கூடிப் பேசிப் போட்ட உத்தரவு. "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசவே கூடாது. ஒரே நேரத்துல பேசுறீங்க, யார் சொல்றதும் யாருக்கும் கேக்கல. எழுதிக்குங்க. எழுத்துல குறுக்க பேச முடியாது" என்று சொல்லி என் மகள் பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். கப்பலுக்கு வரைபடம் போடுகிற பெண். வீட்டில் எல்லோருக்கும் கோடு போட்டுக் கொடுப்பாள், நாங்கள் அதற்குள் நடக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பையன் தங்கமான பையன். கணக்கு வாத்தியாராக இருந்தும் சிரிக்கிறார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. என் குறை தூரத்தில் இருக்கிறது. நான் வைத்திருப்பது ஒரே ஒரு நிபந்தனை. என் பெண் வாழப் போகிற வீட்டுக்குக் காலையில் கிளம்பிப் போய், அவளைப் பார்த்து, அவளோடு ஒரு வேளை சாப்பிட்டு, அன்று ராத்திரியே என் கட்டிலில் வந்து படுக்க முடிய வேண்டும். இதைச் சொன்னதும் நீங்கள் "ஐம்பத்தஞ்சே நிமிஷம்! பிளேன்ல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடலாம்" என்றீர்கள். அங்கேதான் எனக்கு ஏறிக்கொண்டது.

அம்மா, நான் முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பத்தாவது மாடிக்கு லிஃப்ட் போக அரை நிமிடம்தான். ஆனால் கீழே நிற்கிறவன் அந்த அரை நிமிடத்தையா திட்டுகிறான்? பொத்தானை அழுத்திவிட்டு, வராத லிஃப்டின் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அந்த நேரத்தைத்தான் திட்டுகிறான். லிஃப்ட் விற்கிற கம்பெனிக்காரர்கள் அந்தக் காத்திருப்பைக் காகிதத்தில் போடவே மாட்டார்கள். உங்கள் ஐம்பத்தைந்து நிமிடமும் அந்த ரகம்தான்.

"கோபமா எழுதாதீங்க" என்று என் மனைவி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொல்கிறாள். கோபமாக எழுதவில்லை. என் எழுத்தே இப்படித்தான்.

இப்படிக்கு,
பெண்ணின் அப்பா


பிப்ரவரி 15

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

மன்னிப்புக் கேட்காததற்கு நன்றி. கேட்டிருந்தால் இவர் நல்ல மனுஷர் என்று தப்பாக நினைத்திருப்பேன்.

நான் டிக்கெட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள். கண்ணாடித் தடுப்பு, அதில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குப் பின்னால் நான். உங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் தெரியுமா! "அவ்வளவு தூரமா?" என்று மலைப்பார்கள். டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பினால் மறுநாள் போன் செய்து "அட, காபி ஆறறதுக்குள்ள இறங்கிட்டோம்மா" என்பார்கள். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் காலையில் ஒரு விமானம், மாலையில் ஒரு விமானம். காலையில் ஏறுங்கள், எங்கள் வீட்டில் சாப்பிடுங்கள், மாலையில் ஏறுங்கள், ராத்திரி போய் உங்கள் அருமைக் கட்டிலில் விழுங்கள். உங்கள் நிபந்தனைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி விமானம் விட்டிருக்கிறார்கள். இன்னும் என்ன?

என் மகன் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறான். பள்ளிக்கூடம் போகிறான், வருகிறான், விடைத்தாள் திருத்துகிறான். நேற்று ஒரு பையனுக்கு நூற்றுக்கு நூற்றிப்பத்து போட்டுவிட்டான் என்று அவனோடு வேலை செய்கிற டீச்சர் வந்து சிரித்துவிட்டுப் போனார். உங்கள் பெண் நினைப்பு அந்த அளவுக்கு முற்றியிருக்கிறது. இந்த வாத்தியார் உருப்படியாகப் பாடம் நடத்த வேண்டுமென்றால் நீங்கள் மனசு வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் இந்த ஊரை விட்டு நகரமாட்டான். அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. அதனால் உங்கள் பெண்ணைத் தேடி நீங்கள் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஒரே ஊர், ஒரே வீடு, ஒன்பதாவது மாடி. பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பையனின் அம்மா


பிப்ரவரி 22

அம்மா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதை என் மகள் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நூற்றிப்பத்து விஷயத்துக்குத்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து விமான நிலையம் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து டாக்ஸியில் ஓட வேண்டும். போனால், சீக்கிரம் வந்ததற்குத் தண்டனையாக உட்கார வைப்பார்கள். பெல்ட்டைக் கழற்று, ஷூவைக் கழற்று என்பார்கள். எனக்கு அது வேறு ஒரு வம்பு. என் கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடக்கும். எடுத்து வைத்துவிட்டுப் போக மறந்துபோவேன். அங்கே ஒரு பஞ்சாயத்து. பிறகு விமானம் வரை போக ஒரு பஸ். விமானம் ஏற ஒரு பஸ் என்பதை உலகத்தில் யாராவது கேட்டு வாங்குவார்களா? இறங்கினால் பெட்டிக்கு ஒரு நிற்றல், டாக்ஸிக்கு ஒரு நிற்றல். உங்கள் ஐம்பத்தைந்து நிமிடம் இதற்கு நடுவில் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது.

சரி, அதையும் விடுங்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அன்றைக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் பெட்டியில் ராத்திரி பஸ்ஸின் சீட்டு ஒட்டியிருந்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் வேறு வந்ததிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வரக்கூடிய நீங்கள், பதினோரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி ஏன் வந்தீர்கள்? யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

பெண்ணின் அப்பா


பிப்ரவரி 27

ஐயா,

பிடித்துவிட்டீர்கள். உங்கள் மனைவிக்குக் கழுகுக் கண். என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்.

நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஜன்னலோர இருக்கை வேண்டுமா, நடுவிலா என்று ஊரையே கேட்டு ஏற்றி அனுப்பியிருக்கிறேன், நான் ஏறவில்லை. எங்கள் அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு டிக்கெட் இலவசமாகத் தருவார்கள். ஒவ்வொரு வருஷமும் யாருக்காவது கொடுத்துவிடுவேன். "என்ன தாராளம்!" என்பார்கள். தாராளமும் இல்லை, மண்ணும் இல்லை, பயம். என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மற்றவர்களுக்குப் பார்வை தெளிய வேண்டும் என்று நினைப்பாரே தவிர என்னைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்.

ஆனால் என் பயம் வேறு, விமானம் போகிற நேரம் வேறு. நான் சொன்ன நேரம் பொய்யில்லை. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். மார்ச் 14, சனிக்கிழமைக்குப் போகவும் வரவும் டிக்கெட் இத்துடன் வைத்திருக்கிறேன். என் இந்த வருஷத்து இலவச டிக்கெட்தான், கூச்சப்பட வேண்டாம். காலையில் வாருங்கள். சாப்பிடுங்கள். ராத்திரி உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். ஏதாவது தடங்கல் வந்து அன்று திரும்ப முடியாமல் போனால், இந்தப் பேச்சை நான் அதோடு விட்டுவிடுகிறேன். என் மகனிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்க்ரூடிரைவரை வீட்டில் வைத்துவிட்டு வரவும்.

பையனின் அம்மா


மார்ச் 17

அம்மா அவர்களுக்கு,

நான் உங்கள் வீட்டு சோபாவில் ராத்திரி தூங்கியதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வாயே திறக்காதவர் என்று நீங்கள் சொன்ன உங்கள் வீட்டுக்காரர், நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைப் போட்டோ எடுத்து என் மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். அது இப்போது எங்கள் சொந்தக்காரர் எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

நடந்ததற்கு நான் என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்கள் கட்டிடத்து லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் தரைக்கு நான்கு விரல்கடை மேலே போய் நின்றது. நான் தடுமாறினேன், சரி, வெளியூர்க்காரன். எனக்குப் பின்னால் ஒரு அம்மா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, முன் சக்கரத்தைத் தூக்கி இறக்கி, பின் சக்கரத்தைத் தூக்கி இறக்கி, அதைப் பழகிப்போன முகத்தோடு இறங்கினாரே, அதைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சோற்றில் கை வைப்பேன்? ஆனாலும் வைத்தேன், நன்றாகவே சாப்பிட்டேன். அதன் பிறகு "ஒரு அஞ்சு நிமிஷம் மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொன்னேன் இல்லையா? மனசார அஞ்சு நிமிஷம் என்றுதான் சொன்னேன். மேலே மெஷின் ரூமைத் திறந்தால், அந்தக் கோலத்தை என்னவென்று சொல்ல! பிரேக் தேய்ந்து கிடக்கிறது, பராமரிக்கிறவன் அதைத் துடைத்து மட்டும் வைத்திருக்கிறான். உங்கள் கட்டிடத்துக் காவலாளி ஓடிப்போய் எனக்குச் சாமான் வாங்கி வந்தார். எல்லாம் முடித்துக் கையெல்லாம் கிரீஸோடு மொட்டைமாடிக்கு வந்து நிமிர்ந்தால், என் தலைக்கு மேலே விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு விமானம் போகிறது. அது என் விமானம்!

அன்று ராத்திரி நான் திரும்பவில்லை. நீங்கள் போட்ட ஒப்பந்தப்படி பேச்சு முடிந்துவிட்டது. நீங்களும் மறுநாள் காலை காபி கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் மகனும் கேட்கவில்லை, விமான நிலையம் வரை வந்து என் பையை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றார். அதுதான் என்னை அறுக்கிறது. விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன நேரத்துக்குப் போனது. ஏறாதவன் நான். இதை வைத்து மறுத்தால் நான் மனுஷனே இல்லை.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டார். மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். எனக்கு ஒரு அக்கா. சின்ன வயசில் நாங்கள் இருவரும் அடித்துக்கொண்டு, ஒரே போர்வையை இழுத்து, ஒருவரை ஒருவர் மாட்டிவிட்டு வளர்ந்தவர்கள். ரயிலில் இரண்டு நாள் போகிற ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். போவது வருவது குறைந்தது. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். போன வருஷம் வந்தபோது, "தம்பி, ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். என் அக்கா, என்னிடம், கேட்கிறாள்! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. என் மகள் அப்படி ஒருநாள் என் வீட்டில் வந்து நிற்கக் கூடாது. அவ்வளவுதான் என் நிபந்தனை.

எனக்குச் சம்மதம். தேதி பேச நீங்கள் வாருங்கள். விமானத்தில் வந்தால்தான் கதவைத் திறப்பேன்.

லிஃப்டை மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஞாபகப்படுத்தவும்.


ஏப்ரல் 6

அண்ணா,

ஐயா என்று எழுத இனி கை வரவில்லை. எங்கள் கட்டிடத்தில் உங்களை "லிஃப்ட் அண்ணா" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அந்தத் தள்ளுவண்டி அம்மா கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

ஊர் வந்து சேர்ந்தோம், விமானத்திலேயே. போகும்போது நான் பட்ட பாட்டை உங்கள் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது. ஏறியதும் கண்ணை மூடினேன். ஓடுகிறது, ஓடுகிறது, எப்போதுதான் தூக்கும் என்று இவர் கையைப் பிடித்தேன். "என்னங்க, கிளம்பிடுச்சா?" என்று கேட்டால், "மேல வந்து கால் மணி நேரம் ஆச்சும்மா, கண்ணைத் தொற" என்கிறார். திறந்தேன். கீழே ரோடு தெரிந்தது. நாங்கள் அன்று பஸ்ஸில் குலுங்கி வந்தோமே, அதே ரோடு. மனுஷி இத்தனை வருஷம் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே கோபம் வந்தது. திரும்பி வரும்போது ஜன்னலோரத்தை இவரிடம் சண்டை போட்டு வாங்கினேன்.

ஜூன் இரண்டாவது ஞாயிறு நல்ல தேதி. இவர் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுக் கல்யாணத்தையும் சொல்லி அனுப்புகிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை அண்ணா. உங்கள் பெண் வந்ததும் அவளுக்கு வரைய இடம் வேண்டுமே என்று கிழக்குப் பக்க அறையை ஒழித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 13

தங்கச்சிக்கு,

சம்பந்தி சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன், தங்கச்சியாக வந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள்.

மண்டபம் பார்த்தாகிவிட்டது. முதலில் பார்த்ததை மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த லிஃப்டைப் பார்த்தால் கல்யாணத்தன்று நான் மாலையும் கழுத்துமாக மெஷின் ரூமில்தான் இருந்திருப்பேன். இப்போது பிடித்திருப்பது தரைத்தளத்தில். என் மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அண்ணன்


மே 3

அண்ணா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அலுவலகத்தில் கூட்டம். தலை நிமிராமல் "அடுத்து, எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். ஓட்டை வழியாக வந்த கையில் என் மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம். நிமிர்ந்தால் அவன்தான். வரிசையில் நின்று வந்திருக்கிறான். "வீட்ல சொல்ல தைரியம் வரலம்மா. இங்கன்னா நீ சத்தம் போடமாட்டேல்ல" என்றான்.

உங்கள் பெண்ணுக்குத் தூரத்தில் ஒரு பெரிய துறைமுகத்துக் கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் படித்ததிலிருந்து கனவு கண்ட வேலையாம். கல்யாணம் முடிந்ததும் சேர வேண்டும். இவன் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டு வைத்துவிட்டான். அந்த ஊருக்கு இரண்டு விமானம் மாற வேண்டும், நடுவில் ஒரு ராத்திரி எங்காவது தங்க வேண்டும், இறங்கிய பிறகு ரயில். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஊருக்கு நான் ஐந்தாறு டிக்கெட்தான் போட்டிருப்பேன். காலையில் போய் ராத்திரி வருவது நடக்கிற காரியமில்லை.

அவள் உங்களிடம் சொல்லப் பத்து நாளாகத் தவிக்கிறாளாம். "அப்பா முகத்தைப் பாத்தா வார்த்தை வரல அத்தை" என்று என்னிடம் போனில் அழுதாள். நான் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் மறைத்துவைத்துக் கல்யாணத்தை முடிக்க என்னால் ஆகாது.

அவன் ஊரை விட்டு நகரமாட்டான் என்று உங்களுக்கு எழுதினேனே. கிழக்குப் பக்க அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

தங்கச்சி


மே 8

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் நிபந்தனை உங்களுக்குத் தெரியும், என் மகளுக்கும் தெரியும். இந்தக் கல்யாணம் நடக்காது. மண்டபத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

பெண்ணின் அப்பா


மே 12

அண்ணா,

நீங்கள் "அம்மா" என்று போட்டுவிட்டால் நான் "ஐயா" என்று போடுவேன் என்று பார்த்தீர்களா? போடமாட்டேன்.

நீங்கள் இப்படித்தான் குதிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் இரண்டு நாள் குதித்தேன். என் மகனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இவர், பேசவே பேசாத மனுஷர், கடையைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "நீ ஊருக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் குடுத்தியே, அவங்க அப்பா அம்மால்லாம் உன்னைத் திட்டிருப்பாங்களோ?" எனக்குச் சுருக்கென்றது.

மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன்னால் உங்கள் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அவளிடம் இன்னும் வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எழுதிக்கொள்ளும் உத்தரவு நம் இருவருக்கும்தான், உங்களுக்கும் அவளுக்கும் இல்லை. அவள் ஆசைப்பட்ட வேலை, ஆசைப்பட்ட பையன், இரண்டையும் நீங்கள் பிடுங்கினால் அவள் உங்கள் பக்கத்திலேயேதான் இருப்பாள். நன்றாக யோசியுங்கள், எப்படி இருப்பாள் என்று.

கோபமாகவே எழுதியிருக்கிறேன். என் எழுத்தும் இப்படித்தான்.

தங்கச்சி


மே 21

தங்கச்சிக்கு,

மண்டபத்துக்குச் சொல்லவில்லை. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். என் மனைவி "அந்தப் போன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மகளே ஆரம்பித்தாள். "அந்த வேலை வேண்டாம்னு எழுதிட்டேன்பா. நான் எங்கயும் போகல" என்றாள். முகத்தில் சிரிப்பு. நான் ஜெயித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டுக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் நான் டிவியைச் சத்தமாக வைத்தேன். எப்போதும் "அப்பா, காது போயிடும்!" என்று கத்துகிறவள், மெதுவாகத் தன் கதவைச் சாத்திக்கொண்டாள். என் ஸ்பேனரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டாள். வேண்டுமென்றே ஈரக் காலோடு கூடத்தில் நடந்தேன். "பரவாயில்லப்பா, நான் துடைச்சிடறேன்" என்றாள். பரவாயில்லையாம்! ஒரு வாரம் என் வீட்டில் ஒரு சண்டை இல்லை. எதைக் கொடுத்தாலும் நன்றி, எதைக் கேட்டாலும் சரி. தங்கச்சி, என் அக்கா இரண்டு நாள் ரயிலில் போய் விருந்தாளி ஆனாள். என் மகளை நான் வீட்டுக்குள்ளேயே வைத்து விருந்தாளி ஆக்கிவிட்டேன்.

நேற்று அவள் அறைக்குப் போனேன். வரைபடங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். "அந்தக் கப்பல்காரங்களுக்கு வர்றேன்னு எழுது" என்றேன்.

"ஒரே நாள்ல வந்துட்டுப் போக முடியாதுப்பா" என்றாள்.

"ஒரே நாள்ல வந்துட்டுப் போறவன் விருந்தாளிடி. நான் உன் அப்பன். வந்தா பத்து நாள் இருப்பேன். உன் வீட்டுக் குழாய், கதவு, லிஃப்ட், ஒண்ணு விடாம கை வைப்பேன்."

அவள் கையிலிருந்த வரைபடச் சுருளைக் கீழே வைத்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன? கண்ணைத் துடைத்துக்கொண்டவள், "அதுக்காக ஈரக் காலோட நடக்கணுமா? ஒரு வாரமா துடைச்சுத் துடைச்சு எனக்கு இடுப்பே போச்சு!" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், அரை மணி நேரம் நிறுத்தவில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டு, நிம்மதியாகத் திரும்பிப் போனாள்.

அவர்கள் அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லை. இன்று காலை பதில் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நூற்றிப்பத்து வாங்கிய பையனையும் சேர்த்து.

அண்ணன்


ஜூலை 19

அண்ணா, அண்ணிக்கு,

பிள்ளைகளை ஏற்றி அனுப்பிவிட்டு நாம் நான்கு பேரும் விமான நிலையத்தில் யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியாமல் நின்றோமே, அதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன்.

வீடு ரொம்பச் சுத்தமாக இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. விடைத்தாள் கட்டு இல்லை, சிவப்பு மசி இல்லை. இவர் சாப்பிடுகிறார், நல்லாயிருக்கு என்கிறார், கடைக்குப் போகிறார். உப்பு அதிகம் என்று சொல்லக்கூட ஆளில்லை. பிள்ளைகள் தினமும் கூப்பிடுகிறார்கள், அதற்குக் குறையில்லை. போனை வைத்த பிறகுதான் வீடு பெரிதாகிவிடுகிறது.

நேற்று அலுவலகத்தில் கூட்டமில்லாத நேரம். விரல் தானாக உங்கள் ஊரைப் போட்டு, எங்கள் ஊரைப் போட்டது. ஆகஸ்ட் 1, சனிக்கிழமை காலை விமானத்தில் இரண்டு இடம் இருக்கிறது, ஜன்னலோரம் அண்ணிக்கு. மாலை விமானத்திலேயே திரும்பவும் போட்டுவிட்டேன், உங்கள் வழக்கப்படி. லிஃப்ட் சரியாகத்தான் ஓடுகிறது, அதைச் சாக்காகச் சொல்லிக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. சும்மா வாருங்கள். எனக்குச் சத்தமாகப் பேச ஒரு ஆள் வேண்டும்.

தங்கச்சி


ஜூலை 24

தங்கச்சிக்கு,

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் கட்டில், என் கட்டில் என்று ஊரைக் கூட்டினேனே, அதில் படுத்தால் தூக்கம் வரவில்லை. பக்கத்து அறையில் நாற்காலி நகர்கிற சத்தத்துக்காகக் காது தானாகக் காத்திருக்கிறது. என் மனைவி எழுந்து உட்கார்ந்து, "எனக்கும் கேக்கல, படுங்க" என்கிறாள்.

சனிக்கிழமை வருகிறோம். பெட்டி இப்போதே கட்டியாகிவிட்டது. ஆனால் நீங்கள் போட்ட டிக்கெட்டில் ஒரு தப்பு இருக்கிறது. மாலை விமானத்தை எடுத்துவிடுங்கள். எப்போது திரும்புவது என்பதை அங்கே வந்து சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

அண்ணன்